தேக்சா அறையிலிருந்து கூடத்துக்கு

ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் டீ குடிக்க மாட்டார். காலையில் வீட்டிலிருந்து புறப்படும்போது ஒரு தம்ளர் தண்ணீர், அதோடு சரி. ஜமாஅத் கூட்டம் முடிந்து எல்லோரும் செருப்பைத் தேடுகிற நேரம்வரை அவர் வாயில் எதுவும் படாது. ஆம்பூரில் ஒரு இடத்துக்குப் போய் டீ குடிக்காமல் திரும்புவது சுலபமான காரியம் இல்லை. முத்தவல்லி வாராவாரம் கேட்பார்.

"ஆப்பா, ஒரு வாய் குடிங்க. லெமன் டீயாவது சொல்லட்டா?"

"வேணாம் பாய். வாயில வேற ருசி ஏறிச்சின்னா பேச்சு மாறிப்பூடும்."

அதை அவர் வேடிக்கைக்குச் சொல்லவில்லை என்று எனக்குப் புரியக் கொஞ்ச காலம் பிடித்தது.

அப்போது நான் வேலூரில் ஒரு நாளிதழின் செய்தியாளர். சத்துவாச்சாரியில் வீடு. குடும்பத் தகராறுகள் எங்கெங்கே எப்படித் தீர்கின்றன என்று ஒரு தொடர் எழுதுவதற்காக ஆம்பூரில் அந்தப் பள்ளிவாசலுக்குப் போனேன். தொடர் சில வாரங்களில் முடிந்தது. நான் போவது நிற்கவில்லை. அங்கே நடப்பதை நீதிமன்றம் என்று எழுதக் கூடாது. சட்டப்படி அது சமரசம் பேசும் இடம். முடிவு பிடிக்காதவர் கோர்ட்டுக்குப் போகலாம், சிலர் போனார்கள். ஊரில் அதைப் பஞ்சாயத்து என்றார்கள். பெரியவர்கள் ஷரீஅத் சபை என்றார்கள். நான் 'ஜமாஅத் அமர்வு' என்று எழுதினேன். எல்லாப் பெயருக்கும் ஒரே கூடம்தான்.

கூடம், பள்ளிவாசலை ஒட்டிய நீளக் கட்டடத்தின் தெருப்பக்க முனையில் இருந்தது. அங்கே நிர்வாகத் தலைவரான முத்தவல்லி, தொழுகை நடத்துகிற, மார்க்கச் சட்டம் படித்த ஹஜ்ரத், இன்னும் சில பெரியவர்கள் உட்கார்ந்திருப்பார்கள். பெரும்பாலோர் தோல் தொழிலில் இருப்பவர்கள். பெண்ணாக இருந்தாலும் செய்தியாளர் என்பதால் எனக்கும் ஓர் ஓரத்தில் இடம் கொடுத்திருந்தார்கள். கட்டடத்தின் மறுமுனையில் ஓர் அறை. தெருவில் கல்யாணம் என்றால் எடுத்துப்போகிற பிரியாணி தேக்சாக்களை அங்கே கவிழ்த்து வைத்திருப்பார்கள். ஒரு குழந்தை உள்ளே ஒளிந்துகொள்ளலாம், அவ்வளவு பெரிய செம்புப் பாத்திரங்கள். வழக்கோடு வரும் பெண்கள் அந்தப் பாத்திரங்களுக்கு நடுவே பாய் விரித்து உட்காருவார்கள். அங்கே யார் பேசினாலும் குரலுக்குப் பின்னால் செம்பிலிருந்து ஒரு சன்னமான ரீங்காரம் வரும். பேச்சு முடிந்த பிறகும் ஒரு கணம் நிற்கும். அறைக்கும் கூடத்துக்கும் நடுவே நீண்ட நடைவழி. பெண்கள் அதைத் தாண்டிக் கூடத்துக்கு வருவதில்லை. அவர்கள் சொன்னது மட்டும் வரும். அதைக் கொண்டுவருபவர் அவர்.

ஆப்பா என்றால் அக்கா. அந்தத் தெருவில் அவரைவிட மூத்தவர்களும் அவரை அப்படித்தான் கூப்பிட்டார்கள். பெயர் எனக்குத் தெரியும். எழுத மாட்டேன்.

"என் பேரைப் போடாதீங்க பேப்பர்மா," என்று முதல் நாளே சொல்லிவிட்டார். நான் அவருக்குக் கடைசிவரை பேப்பர்மாதான். "என் பேரு போட்டா அந்தப் பொண்ணுங்க பேச்செல்லாம் என் பேச்சாப் போய்டும்."

அறையில் ஒரு பெண் பேசுவாள். அவர் எதிரே உட்கார்ந்து கண்ணைப் பாதி மூடிக் கேட்பார். அவள் முடித்ததும், கேட்டதை அவளிடமே ஒருமுறை சொல்லிக்காட்டுவார். "இதானே?" அவள் தலையாட்டிய பிறகு எழுவார். நடைவழியில் யார் எதிர்ப்பட்டாலும் வாய் திறக்க மாட்டார். சலாம் சொன்னால் கையை நெஞ்சில் வைப்பார், அவ்வளவுதான். விளிம்புவரை நிறைந்த பாத்திரத்தைத் தூக்கிப்போகிறவரின் நடை. ஞாயிறு ஆகையால் தோல் பதனிடும் ஷாப்புகளில் டிரம் சுற்றும் ஓசை இருக்காது. வாரம் முழுக்கக் காதில் இருந்த ஒன்று நின்றுபோனதில் ஊரே தரையைவிட்டுச் சற்று எழும்பி மிதப்பதுபோல் இருக்கும். ஜன்னல் கம்பிகளின் நிழல் ஒவ்வொன்றாக அவர்மேல் ஏறி இறங்கும். கூடத்து வாசலில் நின்று, தரையைப் பார்த்துக்கொண்டு, கேட்டதைக் கேட்டபடி சொல்வார். 'அந்தப் பெண் இப்படிச் சொல்கிறாள்' என்றெல்லாம் ஆரம்பிக்க மாட்டார். அவள் எங்கே தொடங்கினாளோ அங்கேயே தொடங்குவார்.

"எங்க மாமியா வாயில பெனாயில் ஊத்திக் கழுவணும்," என்றார் ஒரு நாள், நோன்பு திறக்கும் நேரத்தை அறிவிக்கும் நிதானத்தோடு.

முத்தவல்லி இருமினார். "இன்னா ஊத்தணும்?"

"பெனாயில்."

"அதெல்லாம் உட்டுட்டு விஷயத்த மட்டும் சொல்லலாமே ஆப்பா."

"விஷயமே அதான் பாய். அதைத்தான் மொதல்ல சொல்லிச்சு."

ஹஜ்ரத் தாடியைத் தடவிக்கொண்டிருந்தார். சிரிப்பை அடக்கும்போது அவர் செய்கிற காரியம் அது. பிறகு, "அந்த மாமியார் வாயில் அப்படி என்னதான் வருகிறது என்று கேட்டுவிட்டு வாங்க," என்றார். அந்தக் கேள்வியில்தான் வழக்கு திறந்தது. பெண்ணின் அப்பா தோல் ஷாப்பில் சுண்ணாம்புக் குழியில் இறங்கி வேலை செய்தவர். வீட்டுக்கு விருந்தாளி வரும்போதெல்லாம் மாமியார், "எங்க மருமவ சமைச்சா குழி வாசன அடிக்கும், பார்த்து சாப்புடுங்க," என்று சொல்லிப் பரிமாறுவாராம். பெனாயிலை விட்டுவிட்டிருந்தால் 'மாமியாரோடு ஒத்துப்போகவில்லை' என்ற ஒரு வரியில் அது முடிந்திருக்கும்.

வாரநாள்களில் அவருக்கு ஒரு ஷூ கம்பெனியில் வேலை. தைத்து முடித்து வரும் ஷூக்களில் இடதையும் வலதையும் நிறம் பார்த்து ஜோடி சேர்க்க வேண்டும். ஒரே தோலில் வெட்டினாலும் முதுகுப் பக்கத் துண்டும் வயிற்றுப் பக்கத் துண்டும் சாயத்தை ஒரே மாதிரி குடிப்பதில்லையாம். வாரம் முழுக்க ஷூக்களுக்கு ஜோடி, ஞாயிறன்று மனிதர்களுக்கு என்று தொடரில் ஒரு வாக்கியம் எழுதினேன். யாரோ அதை அவருக்கு வாசித்துக் காட்டியிருக்கிறார்கள்.

"அதுக்கும் இதுக்கும் இன்னா சம்பந்தம் பேப்பர்மா? அங்க ஒத்துவர்லன்னா ரிஜெக்ட் பொட்டில போட்டுட்டு அடுத்தத எடுப்பேன்."

அதற்குப் பிறகு அவரைப் பற்றி உவமை எழுதுவதைக் கூடிய மட்டும் தவிர்த்தேன்.

இந்த வேலை அவருக்கு எப்படி வந்தது என்பதை முத்தவல்லி சொல்லித்தான் அறிந்தேன். முன்பெல்லாம் பெண்ணுக்காக அவள் அப்பாவோ அண்ணனோ கூடத்தில் பேசுவது வழக்கம். ஒரு வழக்கில் ஓர் அப்பா, மகள் புருஷன் வீட்டுக்குத் திரும்பிப் போகச் சம்மதித்துவிட்டாள் என்று கூடத்தில் சொல்லிக்கொண்டிருந்தார். அந்த நேரம் ஆப்பா, தன் அக்கா மகள் கல்யாணத்துக்கு எடுத்த தேக்சாவைத் திருப்பி வைக்க அறைக்குள் போயிருக்கிறார். மூலையில் அந்தப் பெண் அழுதுகொண்டு வேறு ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள். தேக்சாவின் மூடியைக் கையில் பிடித்தபடியே ஆப்பா நடைவழியைக் கடந்து கூடத்து வாசலில் போய் நின்றார்.

"நான் போவ மாட்டேன். என்ன அனுப்பினீங்கன்னா பாலாத்துல தண்ணி இல்லாட்டியும் வேற எங்கியாச்சும் போய் உழுவேன்."

அப்போதிருந்த ஹஜ்ரத் திடுக்கிட்டு, "யாரும்மா நீ?" என்றார்.

"நான் மூடி குடுக்க வந்தேன்."

அன்றிலிருந்து வழக்கம் மாறியது. இரண்டு பக்கத்துக்கும் உறவில்லாத ஒரு பெண்தான் பேச்சைக் கொண்டுவர வேண்டும். அது வரும்வரை புருஷன் கூடத்தில் இருக்கக் கூடாது. அவன் குரல் கேட்டால் உள்ளே இருப்பவளுக்குப் பேச்சு வராது. வெளியே கை கால் கழுவும் தொட்டியோரம் போய் உட்கார வேண்டும். பேச்சு வந்ததும் அவனை உள்ளே கூப்பிட்டுக் கேட்க வைப்பார்கள்.

பேச்சு இல்லாவிட்டால் அந்தப் பேச்சில்லாமையையும் கொண்டுவருவார். பேரணாம்பட்டில் வாழ்க்கைப்பட்ட ஒரு பெண். இரண்டு வீட்டாரும் பேசி முடித்து, அவள் ஒரு வார்த்தை சொன்னால் போதும் என்று வந்திருந்தார்கள். ஆப்பா உள்ளே போனார், வெகு நேரம் கழித்து வந்தார்.

"ஒண்ணும் சொல்லல."

"அப்ப சரி," என்றார் ஒரு பெரியவர். "பேசலன்னா சம்மதம்தான்."

"சம்மதம்னு சொல்லல பாய். ஒண்ணும் சொல்லலன்னு சொன்னேன்."

"ரெண்டும் ஒண்ணுதானேம்மா."

"அது எனக்குத் தெர்ல. நான் கொண்டாந்தது இதான்."

ஹஜ்ரத் கேட்டார்: "பேசாமல் என்ன செய்துகொண்டிருந்தார்?"

"தேக்சா மேல தூசில வெரலால கோடு போட்டுக்கினு இருந்தா. போடறா, அழிக்கிறா, போடறா, அழிக்கிறா."

கூடத்தில் வெள்ளைத் தொப்பி வைத்த அத்தனை பேரும் தங்களுக்கு முன்னால் காற்றில் ஒரு விரல் கோடு போட்டு அழிப்பதைப் பார்த்துக்கொண்டிருப்பதுபோல் உட்கார்ந்திருந்தார்கள். ஹஜ்ரத் அமர்வை அடுத்த வாரத்துக்குத் தள்ளினார். பெண்கள் போன பிறகு நான் அறைக்குள் போய்ப் பார்த்தேன். தேக்சாவின் வயிற்றில் கோடு இருந்தது. அழிக்காமல் விட்ட கடைசிக் கோடு.

அந்த வழக்கிலிருந்து ஹஜ்ரத்துக்கு ஒரு பழக்கம் வந்தது. ஆப்பா பேச்சை ஒப்படைத்த பிறகு, "அழுதாங்களா?" என்று கேட்பார். பிறகு, "வேற?" என்பார். ஆப்பா, அழுதாள் என்பார், இல்லை என்பார், துப்பட்டா நுனியை முறுக்கினாள் என்பார், கொட்டாவி விட்டாள் என்பார்.

இவ்வளவும் சொன்ன பிறகு இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ஓர் இளம் பெண், புருஷன்மேல் இருந்த கொதிப்பில், "அவன் செத்தா சொல்லி அனுப்புங்க, தெருவுக்கே பிரியாணி போடறேன்," என்றாள். ஆப்பா சொல்லிக்காட்டினார். அவள் தலையாட்டினாள். புருஷனைத் தொட்டியோரத்திலிருந்து கூப்பிட்டார்கள். அவன் அதைக் கேட்டான், யாரையும் பார்க்காமல் வெளியேறினான், முறைப்படி தலாக் சொல்லி முடித்துக்கொண்டான். அவன் வந்து ஒரு தடவை கெஞ்சுவான் என்றுதான் அந்தப் பெண் எதிர்பார்த்திருந்தாள் என்று பிற்பாடு தெரிந்தது. கம்பெனி பஸ் நிற்கும் இடத்தில் அவள் அம்மா ஆப்பாவை வழிமறித்தாள்.

"கொஞ்சம் தணிச்சி சொன்னா இன்னா ஆப்பா? உன் வாய் வெந்தா பூடும்?"

"தணிச்சி சொல்லணும்னா அவதான் சொல்லணும்."

அந்தப் பெண்ணும் அதே கம்பெனியில் தையல் பிரிவில் இருந்தாள். ஒரே பஸ். ஆப்பா ஏறினால் அவள் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். ஆப்பா தினமும் அவளுக்குப் பின் சீட்டில் போய் உட்காருவார். எனக்கு அவரிடம் லேசான பயம் வந்த காலம் அது. ஒரு வார்த்தையைக்கூட மாற்றாத மனசு என்ன மனசு என்று தோன்றியது. நான் கேட்காமலே ஒருமுறை சொன்னார்:

"இன்னிக்கி தணிச்சேன்னு வைங்க, நாளைக்கி அவ சொல்லாததையும் சொல்லுவேன். அந்த அப்பா மாதிரி."

பிறகு கமிட்டிக்குப் புதிதாக ஓர் இளைஞர் வந்தார். வெளிநாட்டுக்கு ஷூ அனுப்புபவர், சென்னையில் படித்துத் திரும்பியவர். முதல் நாள் அவருக்கு வழக்கம் எதையும் யாரும் சொல்லி வைக்கவில்லை. ஆப்பா வாசலில் வந்து நின்றார்.

"இந்த மனுஷனோட இனிமே ஒரே வீட்ல இருக்க மாட்டேன். கொறட்டையப் பொறுத்துக்கினேன். பொய்யப் பொறுத்துக்க மாட்டேன்."

இளைஞர் பதறி எழுந்து நாற்காலியை முன்னால் தள்ளினார். "ஆப்பா, மொதல்ல நீங்க உக்காருங்க. இந்த வயசுல உங்களுக்கு இப்படி ஒரு பேஜாரா? யாரு உங்க வீட்டுக்காரரு? நான் பேசறேன்."

கூடம் வெடித்துச் சிரித்தது. "தம்பி, அது உள்ள இருக்கிற பொண்ணோட பேச்சுப்பா," என்றார் முத்தவல்லி கண்ணைத் துடைத்துக்கொண்டு. ஆனால் சிரிப்பு பாதியில் அறுந்தது. ஆப்பாவுக்கும் ஒரு வீட்டுக்காரர் இருந்தார் என்பது அங்கே எல்லோருக்கும் தெரியும்.

அவர் பெங்களூருக்குத் தோல் பை தைக்கிற வேலைக்குப் போனவர். அங்கே இன்னொரு நிக்காஹ் செய்துகொண்டார். ஆப்பாவுக்குத் தலாக்கும் சொல்லவில்லை, திரும்பியும் வரவில்லை. இந்த வழக்கமெல்லாம் வருவதற்கு முன்பே நடந்த கதை. "நிக்காஹ் இருக்குது, ஆள்தான் இல்ல," என்பார் ஆப்பா, கடையில் ஒரு சாமான் தீர்ந்துபோனதைச் சொல்வதுபோல. மனைவியாகக் கேட்டு விலகிக்கொள்ளும் குலா அவருக்குத் தெரியாததல்ல. எத்தனையோ பெண்களின் குலாவை அவர்தான் நடைவழியில் தூக்கிப் போயிருக்கிறார்.

"நீங்க ஏன் ஆப்பா கேக்கல?"

"என் பேச்ச யாரு பேப்பர்மா தூக்கினு போறது?" என்று சிரித்தார்.

அந்த ஆள் திரும்பி வந்தார். பெங்களூர் மனைவி இறந்துவிட்டாள், மகன்கள் கைவிட்டார்கள். கண்ணில் புரை. ஆம்பூரில் தம்பி வீட்டுக் கூடத்தில் ஒரு கட்டில் கிடைத்தது, அதுவும் நிரந்தரம் இல்லை. ஜமாஅத்தில் மனு வைத்தார்: நிக்காஹ் இன்னும் இருக்கிறது, தன் மனைவி தன்னை வீட்டில் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

தெரு முழுக்க ஆப்பாவுக்குப் புத்தி சொன்னது. கம்பெனி பஸ்ஸிலும் அதே பேச்சு. "வயசாயிடுச்சி ஆப்பா, ஒரு தொணதானே." "கதவத் தொறந்து உடு, ஒரு மூலைல கெடந்துட்டுப் போறாரு." முன் சீட்டில் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்த அந்தத் தையல் பிரிவுப் பெண் மட்டும், எத்தனையோ மாதங்களுக்குப் பிறகு முகத்தைத் திருப்பி, "தணிச்சி சொல்லிடாத ஆப்பா," என்றாளாம். இதை என்னிடம் சொல்லும்போது ஆப்பாவின் குரல் சற்று ஈரமாக இருந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை முத்தவல்லி என்னை வாசலிலேயே பிடித்தார். "சேத்து வச்சிடலாம்னு இருக்கோம் பேப்பர்மா. நல்ல காரியம். நீங்களும் வந்துட்டீங்க." கூடத்திலும் அந்த முடிவு ஏற்கெனவே உட்கார்ந்திருந்தது. ஆப்பா வேண்டாம் என்றால் கமிட்டியையும் தெருவையும் ஒருசேர எதிர்த்துச் சொல்ல வேண்டும். பேசாமல் இருந்தால் அடுத்த வெள்ளிக்கிழமைக்குள் அந்தக் கட்டில் அவர் வீட்டுக்கு வந்துவிடும்.

அந்த ஆள் தடி ஊன்றி வந்தார். நன்றாகப் பேசினார். "தப்பு பண்ணிட்டேன் ஹஜ்ரத். மனுஷன்தானே. கடைசி காலத்துல அவ கையால ஒரு வாய் கஞ்சி குடிச்சாப் போதும்." பெரியவர்கள் தலையாட்டினார்கள். ஒருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். வழக்கப்படி அவரைத் தொட்டியோரம் அனுப்பினார்கள். ஹஜ்ரத் வாசல் பக்கம் திரும்பி, ஒவ்வொரு வழக்கிலும் சொல்வதையே சொன்னார்:

"ஆப்பா, கேட்டுவிட்டு வாங்க."

ஆப்பாவும் ஒவ்வொரு வழக்கிலும் செய்வதையே செய்தார். திரும்பி நடைவழியில் நடந்தார். நான் பின்னால் போனேன். ஜன்னல் கம்பிகளின் நிழல் அவர்மேல் ஏறி இறங்கியது. அறை வாசலில் நின்றார். உள்ளே பாய் விரித்திருந்தது. பாயில் யாரும் இல்லை. தேக்சாக்கள் கவிழ்ந்து கிடந்தன. யாராவது பேசுவார்கள் என்று அவர் காத்திருப்பதுபோல் இருந்தது. பிறகு உள்ளே போய், எப்போதும் தான் உட்காரும் இடத்தில் அல்லாமல் அதற்கு எதிரே, அந்தப் பெண்கள் உட்காரும் இடத்தில் உட்கார்ந்தார்.

கூடத்தில் அதற்குள் உறைத்துவிட்டது. முத்தவல்லி நடைவழியில் பாதிவரை வந்து நின்று குரல் கொடுத்தார். "ஆப்பா, உங்க விஷயம்தானே. நீங்களே வாசல்ல வந்து சொல்லிடுங்க."

"இல்ல பாய். என் வாயால எத்தினியோ பொண்ணுங்க பேசிட்டாங்க. நான் வந்து சொன்னா அது யாருதுன்னு உங்களுக்குத் தெரியாது. எனக்கே தெர்ல. வேற ஆளு கொண்டாரட்டும்."

"வேற ஆளுக்கு இப்ப எங்க போறது?"

"பேப்பர்மா இருக்காங்களே."

கூடத்தில் பேச்சு எழுந்தது. "அவங்க நம்ம ஜமாஅத்தே இல்லியே," என்றார் ஒரு பெரியவர்.

"சாட்சியா சொல்லச் சொல்றோம்?" என்றார் அந்த இளைஞர். "போஸ்ட்மேன் எந்த ஜமாஅத்துன்னு பார்த்தா தபால் வாங்கறோம்?"

ஹஜ்ரத் தாடியைத் தடவினார். "இரண்டு பக்கத்துக்கும் உறவில்லாத ஒரு பெண். வழக்கம் அவ்வளவுதான். கொண்டுவரட்டும்."

நான் ஆப்பாவுக்கு எதிரே உட்கார்ந்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. ஒரு தேக்சாவின் வளைவில் எங்கள் இருவரின் உருவமும் நீண்டு மங்கித் தெரிந்தது; அதைப் பார்த்துப் பேசினார். முடித்ததும் நான் சொல்லிக்காட்டினேன். முடிவை முதலில் வைப்பது செய்தி எழுதுகிறவர்களின் கைப்பழக்கம். குலாவில் ஆரம்பித்தேன்.

"இல்ல. கதவத்தான் மொதல்ல சொன்னேன்."

மறுபடி சொன்னேன்.

"இதானே?" என்றேன்.

தலையாட்டினார். நான் எழுந்து வாசலுக்குப் போன பிறகு, "பேப்பர்மா," என்றார். "ஒரு டீ சொல்லுங்க."

முந்தானையைத் தலைக்குமேல் இழுத்துக்கொண்டு நடந்தேன். பலமுறை நடந்த அந்த வழி அன்று முடிவதாக இல்லை. வெளியே தொட்டியில் தண்ணீர் சொட்டும் ஓசை, எங்கோ ஒரு புறா. தலைக்குள் என் நினைப்பு எதுவும் இல்லை, அவருடைய வாக்கியங்கள் மட்டுமே வரிசையாக இருந்தன. அவற்றுக்குள்தான் நான் நடந்துகொண்டிருந்தேன் என்று இப்போது தோன்றுகிறது. கூடத்து வாசலில் நின்றேன். அந்த ஆளைக் கூட்டி வந்து உட்கார வைத்தார்கள். தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னேன்:

"கதவு தட்ற சத்தம் கேட்டா மின்னெல்லாம் எழுந்து ஓடுவேன். இப்ப யாரு தட்டினாலும் யாருன்னு கேட்டுட்டு நிதானமாப் போறேன். எனக்கு அந்த நிதானம் வேணும். இவரு உள்ள வந்தா அது போய்டும். இவருமேல எனக்குக் கோவம் இல்ல. கஞ்சி வேணும்னா காச்சி பக்கத்து வீட்டுப் பொண்ணுகிட்ட குடுத்தனுப்பறேன். கதவு தெறக்க மாட்டேன். எனக்கு குலா வேணும்."

அவர் தடியை ஊன்றி என் குரல் வந்த பக்கம் முகத்தைத் திருப்பினார். புரை படர்ந்த கண்கள் என் முகத்தைத் தேடின.

"கோச்சுக்காத புள்ள," என்றார். "உன் கொரலக் கேட்டு எத்தினி வருஷம் ஆச்சு. அப்படியே இருக்குது."

இந்த முறை யாரும் சிரிக்கவில்லை. இளைஞர் குனிந்து தன் கைகளைப் பார்த்துக்கொண்டார்.

"பாய்," என்றார் ஹஜ்ரத் மெதுவாக. "இவங்க உங்க சம்சாரம் இல்லை. பத்திரிகையிலிருந்து வந்தவங்க. உங்க சம்சாரம் உள்ளே இருக்காங்க."

அவர் தடியை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றினார். சேர்த்து வைத்துவிடலாம் என்று காலையில் சொன்ன முத்தவல்லிதான் அடுத்துப் பேசினார்.

"அந்தக் கொரல நாங்க வாராவாரம் கேட்டுக்கினு இருக்கோம் பாய். உங்களுக்குத்தான் மறந்துபோச்சு."

தடியைக் கீழே வைத்துவிட்டு அந்த ஆள், "அவ கேக்கறதக் குடுத்துடறேன்," என்றார். சொல்ல வேண்டிய முறைகளை ஹஜ்ரத் சொல்ல வைத்தார். குலா முடிந்தது. தம்பி வந்து கைத்தாங்கலாக அவரை அழைத்துப் போனார். நான் இன்னும் வாசலிலேயே நின்றுகொண்டிருந்தேன்.

"அழுதாங்களா?" என்றார் ஹஜ்ரத்.

"இல்ல."

"வேற?"

"டீ கேட்டாங்க."

தாடியில் இருந்த அவர் கை நின்றது. முத்தவல்லி யாரையும் ஏவாமல் தானே எழுந்துபோய்ச் செருப்பைத் தேடினார்.

டீ வந்தபோது ஆப்பா அதே இடத்தில் உட்கார்ந்திருந்தார். தம்ளரை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். நடைவழியில் எல்லாம் கேட்டிருக்கும், இருந்தாலும் கேட்டார்.

"இன்னா சொன்னாரு?"

கொண்டு போனவர்தான் கொண்டுவர வேண்டும். சொன்னேன். "கோச்சுக்காத புள்ள. உன் கொரலக் கேட்டு எத்தினி வருஷம் ஆச்சு. அப்படியே இருக்குது."

"உங்களையா?"

"ஆமா."

தேக்சாக்களுக்குள் அந்த 'ஆமா' ஒரு கணம் நின்று அடங்கியது. அவர் ஊதி ஊதி, நாக்கில் வைத்து, ஒவ்வொரு வாயாகக் குடித்தார். பாதித் தம்ளரில் நிறுத்தினார்.

"சக்கர கம்மி."

"போய்ச் சொல்லட்டா?"

"சொல்லுங்க. சொன்னபடியே சொல்லுங்க."

நான் எழுந்து நடைவழியில் நடந்தேன். எதிரே தொழுகைக்கு வந்துகொண்டிருந்த ஒருவர் சலாம் சொன்னார். கையை நெஞ்சில் வைத்துக்கொண்டு அவரைக் கடந்தேன்.